வெள்ளச்சிக்கு ஒரு கொட்டகை

அரக்கோணத்தை விட்டதும் ரயில் ரேணிகுண்டா பாதையில் வடக்கே போகிறது. கரும்பும் மாந்தோப்பும் மாறி மாறி வருகின்றன. குன்றின் மேல் திருத்தணி முருகன் கோயில் கோபுரம் தெரியும்போது பெட்டியில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நானும் போட்டுக்கொண்டேன். 365 படிகளும் ஏறிச் சாமி பார்க்க ஆசைதான். அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. ஒரு குதிரைக்கு வீடு தேடி வந்திருந்தேன்.

வெள்ளச்சி கல்யாண ஊர்வலங்களில் சாரட்டு இழுத்த பெட்டைக் குதிரை. அதற்கு முன்பு கடற்கரையில் பிள்ளைகளைச் சுமந்திருக்கிறாள். எங்கள் சிறு குழுவின் கைக்கு வந்தபோது வாயின் இரு ஓரமும் கிழிந்து ஆறி, வெளுத்த தழும்பாகியிருந்தது. நாக்கின் பக்கவாட்டில் இன்னொரு தழும்பு. முள் கடிவாளம் போட்ட குதிரைகளின் வாயில் பார்க்கிற அடையாளங்கள் இவை. ஒரு மாப்பிள்ளை அழைப்பில் காலடியில் சரவெடி வெடித்து அவள் மிரண்டு உதைத்திருக்கிறாள். அன்றிரவு அவளைக் கட்டிப்போட்டு அடித்தார்கள். அதன் பிறகு கை ஓங்கினால் கடிப்பாள், வயிற்றுவாரைத் தொட்டால் உதைப்பாள். கை மாறக் கை மாற விலை இறங்கியது. நெற்றியில் சுழி சரியில்லை என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது.

பற்களின் கூர்விளிம்பை அரத்தால் தேய்த்து, முதுகுப் புண்ணை ஆற்றிய மருத்துவர், வலியெல்லாம் போய்விட்டது, இனி இருப்பது பயம் மட்டும்தான் என்றார். குதிரையை முரடு என்று சொல்லும் முன் வாயையும் முதுகையும் குளம்பையும் பார்த்துவிட வேண்டும். பல குதிரைகளின் கெட்ட குணம் அங்கேயே தீர்ந்துவிடும். வெள்ளச்சிக்குத் தீரவில்லை.

கருணைக்கொலை செய்துவிடலாமே என்று நல்ல மனசோடு சொன்னவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் எகிப்தில் விற்றுவிட்டுப்போன குதிரைகளை, 1930-இல் கெய்ரோவுக்கு வந்த டோரத்தி புரூக் என்ற பெண்மணி தேடித் தேடி வாங்கினார். நன்கொடை திரட்டி ஏறக்குறைய 5,000 குதிரைகளை மீட்டார். அவற்றில் பெரும்பாலானவை இனி எழ முடியாதவை. வலியில்லாமல் உயிர் பிரியச் செய்வதுதான் அவற்றுக்கு அவர் தர முடிந்த விடுதலை. 1934-இல் அவர் கெய்ரோவில் தொடங்கிய மருத்துவமனை இன்று புரூக் என்ற பெயரில் இந்தியா உட்படப் பல நாடுகளில் உழைக்கும் குதிரைகளுக்காக வேலை செய்கிறது. ஆனால் வெள்ளச்சிக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். நல்ல பராமரிப்பில் குதிரை 25, 30 வருடம் வாழும். உடம்பில் தீராத நோவு எதுவும் இல்லாத உயிருக்கு ஊசி போட எனக்குச் சம்மதமில்லை.

நீலகிரியில் மசினகுடிப் பக்கம் மாவனல்லாவில் ஹில் வியூ ஃபார்ம் என்ற காப்பகம் இருக்கிறது. கைவிடப்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் ஏற்றுப் பராமரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மாநிலத்தின் மறுகோடிக்கு, மலைப்பாதையில், லாரி என்றாலே நடுங்கும் குதிரையை ஏற்றிப்போகத் துணிவு வரவில்லை. பக்கத்திலேயே இடம் கிடைக்குமா என்று திருத்தணிச் சுற்றுவட்டாரத்தில் விசாரித்தோம்.

இந்த ஊருக்கும் விலங்குகளுக்கான சட்டத்துக்கும் எனக்குத் தெரிந்து ஒரு தொடர்பு உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் செய்யும் என்ற நேருவின் உறுதிமொழியை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார். அப்படிப் பிறந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அப்போது மாநிலங்களவைத் தலைவராக இருந்தவர் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். ம.பொ.சி. முதலானோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் அதே 1960-இல், ஏப்ரல் 1 அன்று. சட்டம் வந்தது பெரிய காரியம். அதில் உள்ள அபராதத்தைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது: முதல் குற்றத்துக்குப் பத்து முதல் ஐம்பது ரூபாய். ஒரு குதிரையின் நாக்கைக் கிழித்ததற்கு ஐம்பது ரூபாய்!

முதலில் பார்த்த இடம் ஒரு பசு மடம். அன்பானவர்கள். மாடு பார்த்துப் பழகிய கைகள். ஆனால் குதிரைக்கு மாட்டைப் போல நாலு வயிறு கிடையாது. வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. தீவனம் தப்பினால் வயிற்றுவலியிலேயே செத்துப்போகும். அவர்களே தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்தது பொதட்டூர்பேட்டைச் சாலையில் ஒரு மாந்தோப்பு. பத்து ஏக்கர், கிணற்றில் வற்றாத தண்ணீர், வசதியான குடும்பம். இளநீர் வெட்டிக் கொடுத்து உபசரித்தார்கள். "எங்க பேரப்பசங்களுக்குக் குதிரைன்னா உசுருங்க" என்றார் தோட்டக்காரர். எனக்கு அங்கேயே மனசு கனத்துவிட்டது. தோப்பைச் சுற்றி முள்கம்பி வேலி. மிரண்டு ஓடுகிற குதிரை அதில் மாட்டினால் மார்புத் தோல் உரிந்துவிடும். தீவனத்துக்கு மாட்டுக்குப் போடும் கோ-4 புல்லும் தவிடும் போதும் என்று நினைத்திருந்தார்கள். நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் அதிகம், தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். இரண்டையும் மட்டுமே வருடக்கணக்கில் தின்னும் குதிரையின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கி முகவெலும்பு வீங்கிப்போகும். இதெல்லாம் சொல்லிக் கொடுத்தால் திருத்திக்கொள்ளக் கூடியவர்கள்தான். வேறு குதிரை இல்லாத இடத்தில் தனிக்குதிரை நிம்மதியாகத் தூங்காது என்பதையும், அவள் மேல் எந்தக் குழந்தையும் ஒருநாளும் ஏற முடியாது என்பதையும் என்னால் திருத்த முடியாது. அவள் கடித்தவர்களின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த வீட்டு அம்மாவின் முகம் மாறிவிட்டது. இலவசமாகக் குதிரை கிடைக்கிறது என்று வாங்கி, முடியாமல் போய், யாருக்கோ தள்ளிவிட்டு, கடைசியில் பழைய சாரட்டுக்கே அவள் திரும்புவதற்கு அந்த முகமாற்றம் எவ்வளவோ மேல்.

மூன்றாவது இடம் நகரி போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, எல்லைக்குப் பக்கத்தில். வீட்டுக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். அவருடைய அப்பா திருத்தணி ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோ வந்த பிறகு வண்டி போனது, குதிரைப் பழக்கம் போகவில்லை. புளியமரத்தடிக் கொட்டகையில் ஒரு கிழட்டு மட்டக்குதிரை வைத்திருந்தார். காயடித்தது, வேலை எதுவும் வாங்குவதில்லை. வேலி வெறும் மூங்கில்.

அவர் விலை கேட்கவில்லை, வயசு கேட்கவில்லை. "யாரக் கடிச்சுதும்மா?" என்றார் முதலில். சொன்னேன்.

"எந்தப் பக்கம் நின்னு அடிச்சாங்க?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. குதிரையைப் பிடிப்பவர் வழக்கமாக நிற்பது அதன் இடப்பக்கம். அடித்தவர்களும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும், இடப்பக்கம் ஆள் வந்தால்தான் அவள் காது மடங்கும் என்றேன். "அப்போ நான் வலப்பக்கமாவே போறேன்" என்றார்.

"நெத்தியில சுழி சரியில்லன்னு சொல்றாங்க ஐயா."

"அப்படிச் சொன்னவங்க கைதானேம்மா அதோட வாயக் கிழிச்சுது?"

சத்தம்தான் என் கவலை. கோபம் ஆறி முருகன் அமர்ந்த மலை என்பதால் திருத்தணியில் சூரசம்ஹாரம் நடப்பதில்லை. கந்த சஷ்டிக்கு மலர் வழிபாடுதான். ஆடிக் கிருத்திகை அப்படியில்லை. காவடிகளும் பம்பையுமாக ஊரே அதிரும். அவர் வீடு சாலையிலிருந்து தள்ளி இருந்ததால் அந்தச் சத்தம் மெலிந்துதான் எட்டும். திருவிழா நாட்களில் இரவு கொட்டகையிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். பழைய குதிரைக்கும் அப்படித்தான் செய்கிறாராம்.

முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டோம். விற்கக் கூடாது. ஏறவோ வண்டியில் பூட்டவோ கூடாது. அவரால் முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும். நாங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்போம். தீவனச் செலவும் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவும் செலவும் எங்களுடையது. 350 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஏழு கிலோ உலர்தீவனமாவது வேண்டும். வயதானவர் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை. வண்டி ஏற்றும் முன் இரண்டு குதிரைகளுக்கும் கிளாண்டர்ஸ் பரிசோதனை செய்தோம். மனிதரையும் தொற்றக்கூடிய, தடுப்பூசி இல்லாத நோய் அது. இதைத் தவிர்த்துவிட்டுக் குதிரை கைமாற்றுவது பெரிய பாவம்.

விடியும் முன் அவளைக் கொண்டுபோய் இறக்கினோம். பெரியவர் கிட்டவே வரவில்லை. வேலிக்கு இந்தப்பக்கம் முதுகைக் காட்டிக் கல்லில் உட்கார்ந்து, தன் மட்டக்குதிரைக்கு ஊறவைத்த கொள்ளை ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் தூரத்தில் நின்று பார்த்தாள். பல வாரம் அதே வேலைதான் நடந்ததாம். முதலில் அவரிடம் வரவில்லை, கிழட்டுக் குதிரையிடம் வந்தாள். அது தலை தாழ்த்தித் தின்பதைப் பார்த்துத் தானும் தின்றாள். அது படுத்தபோது நின்று காவல் காத்தாள். பிறகு ஒருநாள் அவள் படுக்க, அது நின்றது. நின்றபடியே கண்ணயரக் கூடிய பிராணிதான் குதிரை. ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். பயம் உள்ள இடத்தில் அது படுக்காது. அதைக் கேட்டபோதுதான் இடம் சரி என்று எனக்கு உறுதியானது.

இப்போது கடிவாளம் இல்லாமல் வெறும் தலைக்கயிற்றில் அவரோடு நடக்கிறாள். மூன்று கால்களைச் சீவ விடுகிறாள். இடது பின்னங்காலை இன்னும் தர மாட்டேன் என்கிறாள். மற்றவர்கள் கை நீட்டினால் காது மடங்குகிறது. அவள் மாறிவிட்டாள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். அவள் மாற வேண்டிய கட்டாயம் இல்லாத இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மறுமுறை போனபோது படியேறிச் சாமி பார்த்தேன். மற்ற தலங்களில் மயில் நிற்கிற இடத்தில் இங்கே யானை நிற்கிறது. அதன் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1965-ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின் 8-ஆவது விதி முள் கடிவாளத்தைத் தடை செய்திருக்கிறது. உங்கள் வீட்டு மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட்டு பேசப் போகும்போது, குதிரையின் கடிவாளத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முள் இருந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள். அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுங்கள்.