எல் பாசோ: இரண்டு நாடுகள் படிக்கும் சுவர்கள்

எல் பாசோ நகருக்குள் காரில் போகிறவரின் கண்ணில் முதலில் படும் சுவரெழுத்து எந்தச் சுவரிலும் இல்லை. தெற்கே, மரமே இல்லாத ஒரு மொட்டை மலையின் சரிவில், சில கிலோமீட்டர் தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய பெரிய வெள்ளை எழுத்துகள்: பைபிளே உண்மை, அதைப் படி என்று ஸ்பானிய மொழியில். சாலை இருப்பது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில். மலை இருப்பது மெக்சிகோவில். ஒரு நாட்டுச் சாலையில் போகிறவர்கள் இன்னொரு நாட்டு மலையைப் படித்துக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள். இந்த ஊரை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

டெக்சஸின் மேற்குக் கோடியில், சிவாவா பாலைவனத்தின் நடுவே, ஃபிராங்க்ளின் மலைத்தொடரின் காலடியில் இருக்கிறது எல் பாசோ. 2020 கணக்கெடுப்பின்படி 6.78 லட்சம் பேர். எதிர்க்கரையில் இருக்கும் சியுதாத் ஹுவாரெஸ் இரண்டு மடங்குக்கும் பெரியது, 15 லட்சம் பேர். ஆண்டு மழை 25 சென்டிமீட்டரைத் தொடுவதே அரிது. ஊருக்கே சூரிய நகரம் என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. வெயில் நாள்கள் ஆண்டில் முந்நூறுக்கும் குறையாது.

1598-இல் ஹுவான் தெ ஒன்யாத்தே என்ற ஸ்பானியத் தளபதி வடக்கே போகும் வழியில் இங்கே ஆற்றைக் கடந்தார். எல் பாசோ தெல் நோர்த்தே, அதாவது வடக்கு நோக்கிய கடவு, என்ற பெயர் அப்படி நிலைத்தது. அந்தப் பெயரோடு முதலில் இருந்த ஊர் தென்கரையில் இருந்தது. 1848 உடன்படிக்கை ஆற்றையே எல்லையாக்கியது. 1888-இல் தென்கரை ஊர் அதிபர் பெனித்தோ ஹுவாரெஸின் பெயரை எடுத்துக்கொள்ள, பழைய பெயர் வடகரைக்கே ஆகிவிட்டது. ஒரே ஊர் இரண்டு பெயரோடு இரண்டு நாடுகளில் இருக்கிறது என்று இங்குள்ளவர்கள் சொல்வது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல. எல் பாசோவில் பத்தில் எட்டுப் பேர் ஸ்பானிய மொழி மரபில் வந்தவர்கள்.

ஆறு என்றதும் வெள்ளத்தை எண்ணிக்கொள்ள வேண்டாம். அமெரிக்கர்கள் ரியோ கிராண்டே என்றும் மெக்சிகோக்காரர்கள் ரியோ பிராவோ என்றும் அழைக்கும் இந்த ஆற்றை, 1916 முதல், நியூ மெக்சிகோவில் உள்ள எலிஃபன்ட் பியூட் அணை தேக்கி வைக்கிறது. பாசன மாதங்கள் போக மற்ற நாளெல்லாம் ஊருக்குள் இருப்பது சிமெண்டு போட்ட வெற்றுக் கால்வாய்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே ஆறு தெற்கே நகர்ந்து, மெக்சிகோவின் சமிசால் என்ற நிலத்தை வடகரையில் விட்டுப் போனது. அந்த நிலம் யாருடையது என்ற வழக்கு 1963 வரை இழுத்தது. உடன்பாடு வந்தபோது எல் பாசோவில் ஏறக்குறைய 5,600 பேர் வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. அதன்பிறகுதான் ஆறு இனி இடம் மாறாதபடி சிமெண்டுக்குள் அடைக்கப்பட்டது. பாலைக்குரிய பொருள் பிரிவு என்று நம் முன்னோர் வகுத்தது இங்கே நின்றால் வேறொரு கனத்தோடு மனத்தில் இறங்குகிறது. சமிசால் நினைவகத்தின் வெளிச்சுவரில் கார்லோஸ் ஃபுளோரஸ் 1992-இல் வரைந்த ‘நமது மரபு’ என்ற பெரிய ஓவியம் இருக்கிறது.

நான் ஐந்து நாள் அங்கே இருந்தேன். அதில் மூன்று நாள் செகுந்தோ பாரியோவிலேயே கழிந்தது. ‘இரண்டாம் வார்டு’ என்பதுதான் பெயரின் பொருள். எல்லைப் பாலத்திலிருந்து நடந்தே போய்விடலாம். செங்கல் குடியிருப்புகள், மாடிப்படி வெளியே வைத்த வரிசை வீடுகள், 1951 முதல் நடக்கும் போவி பேக்கரி, திரு இருதய ஆலயம். மெக்சிகோவிலிருந்து வந்த பல தலைமுறைகள் அமெரிக்காவில் முதலில் குடியேறிய பேட்டை இதுதான். மெக்சிகோப் புரட்சியின் முதல் பெரிய நாவல் என்று போற்றப்படும் ‘கீழிருப்பவர்கள்’ நூலை மரியானோ அசுவேலா 1915-இல் இந்த ஊரிலிருந்துதான், இங்கே வெளிவந்த ஒரு ஸ்பானிய நாளிதழில் தொடராக வெளியிட்டார். 1917 ஜனவரியில், பாலத்தைக் கடந்து வேலைக்கு வருகிறவர்களைப் பேன் ஒழிக்கிறோம் என்று மண்ணெண்ணெய் கலந்த குளியலுக்கு உட்படுத்தினார்கள். கார்மெலிட்டா தோரஸ் என்ற 17 வயதுப் பெண் மறுத்து நின்றாள். அவளோடு நூற்றுக்கணக்கான பெண்கள் பாலத்தை மறித்தார்கள். பாடப்புத்தகத்தில் இடம் கிடைக்காத கதைகள் சேர்ந்த பேட்டைக்குச் சுவர்தான் புத்தகமாகும்.

சுவரோவியம் இந்த மண்ணுக்குத் தெற்கிலிருந்து வந்தது. 1910-இல் தொடங்கிய புரட்சி ஓய்ந்ததும், மெக்சிகோவின் கல்வி அமைச்சர் ஹோசே வாஸ்கோன்செலோஸ் அரசுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் கொடுத்தார். ரிவேரா, ஒரோஸ்கோ, சிகெய்ரோஸ் மூவரும் அப்படி எழுந்தவர்கள். எல் பாசோவிலும் அரசு ஓவியங்கள் உண்டு. கூட்டாட்சி நீதிமன்றத்தில் டாம் லீ 1938-இல் வரைந்த ‘வடக்குக் கடவு’ கைத்திறனில் அசாத்தியமானது. ஆனால் 1960-களில் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களின் சிக்கானோ இயக்கம் எழுந்தபிறகு தெருவில் வரையப்பட்டவைதான் என்னை நிறுத்தின. திரு இருதய ஆலய உடற்பயிற்சிக்கூடத்தின் சுவரில் ஃபிரான்சிஸ்கோ தெல்காதோவும் மௌரிசியோ ஒலாகேயும் வரைந்தது அந்தப் பேட்டையின் முகம்போல ஆகிவிட்டது. 1988-இல் கார்லோஸ் காயேஹோ எய்ட்ஸ் பற்றி இங்கே ஒரு சுவர் வரைந்தார். வீட்டுக்குள் பேசக் கூசிய நோயைத் தெருவில் வண்ணத்தில் பேசவைத்த துணிச்சல் அது. அதே காயேஹோ 1995-இல் மாவட்ட நீதிமன்றத்தின் உள்ளே ஊர் வரலாற்றை முடித்துக் கொடுத்தார். தெருவில் தேறிய கைக்கு அரசு தன் சுவரைத் திறந்துவிட்டது.

முதல் நாள் சுவர்களைப் படமெடுத்தபோது நான் ஒரு தவறு செய்தேன். ஓவியம் மட்டும் படச்சட்டத்துக்குள் இருக்க வேண்டும், கம்பியும் குப்பைத்தொட்டியும் காரும் வரக்கூடாது என்று நெருங்கி நெருங்கி எடுத்தேன். இரவில் பார்த்தால் எல்லாமே நல்ல அஞ்சலட்டைகள். எந்த ஊர் என்று எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு சுவருக்கு முன்னால் பழைய பிக்கப் வண்டி நின்றது. அது நகரட்டும் என்று எதிர்ச்சாரியில் காத்திருந்தேன். வாசற்படியில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்து கூப்பிட்டார்: “மிஹோ, அந்த வண்டி என் மகனோடது. பொழுது சாயற வரைக்கும் அங்கேதான் நிக்கும்.” மிஹோ என்றால் என் மகனே. ஊர்ப் பெரியவர்கள் அந்நியனையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். பிறகு சொன்னார்: “அந்த மூலையில நீலம் அடிச்சது அவன்தான். அப்போ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தான்.” வண்டியோடு சேர்த்து எடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சுவரையும் இரண்டு முறை எடுத்தேன்: நேராக நின்று ஓவியத்துக்கு ஒன்று, தெருவின் எதிர்ச்சாரியிலிருந்து வீடு, கம்பி, நடைபாதை, மனிதர் எல்லாம் சேர ஒன்று. இரண்டாவது படம்தான் ஊர்ப்படம்.

பாலைவன வெயில் புகைப்படக்காரனுக்கு நண்பனும் இல்லை, பகைவனும் இல்லை. அதன் நேரத்துக்கு நாம் போக வேண்டும், அவ்வளவுதான். கிழக்கு பார்த்த சுவர்களைக் காலை ஒன்பதுக்குள் எடுத்துவிட வேண்டும். மேற்குச் சுவர்கள் மாலைக்கு. நடுப்பகலில் சுவர் வெளிறிப்போய் நிறமெல்லாம் சுண்ணாம்பாகத் தெரியும். ஜூனில் 38 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் கேமராவே சுடும். மார்ச், ஏப்ரலில் புழுதிக் காற்று; தெருவில் நின்று லென்ஸ் மாற்றக்கூடாது. இதே வெயில்தான் ஓவியங்களையும் தின்கிறது. பூசிய சில ஆண்டுகளிலேயே சிவப்பு ரோசாவாகிறது. மேலே பாதுகாப்புப் பூச்சு போட்டாலும் திரும்பத் திரும்பத் தொட்டுக் கொடுக்காத சுவர் நிலைப்பதில்லை.

செகுந்தோவிலிருந்து வடகிழக்கே லிங்கன் பூங்கா. பூங்கா என்றால் மரம் தேடாதீர்கள். இன்டர்ஸ்டேட் 10-உம் யூ.எஸ். 54-உம் பின்னிக்கொள்ளும் இடம் அது. ஊரார் அதை ஸ்பகெட்டிக் கிண்ணம் என்கிறார்கள். ஒரு பேட்டையின் மேலே நெடுஞ்சாலை ஏறிப் போக, கீழே மிஞ்சியது தூண்கள். 1980-களின் தொடக்கத்தில் ஃபெலிப்பே அடாமே முதலியவர்கள் அந்தத் தூண்களில் வரையத் தொடங்கினார்கள். சான் டியேகோவில் 1970 ஏப்ரலில் மக்கள் ஒரு பாலத்தடி நிலத்தை மறித்து சிக்கானோ பூங்காவாக்கிய கதை அவர்களுக்கு முன்மாதிரி. இன்று குவாதலூப்பே அன்னை, அஸ்டெக் வீரர்கள், பண்ணைத் தொழிலாளர் தலைவர் சேசர் சாவேஸ் எல்லோரும் தூணுக்குத் தூண் நிற்கிறார்கள்.

இதுபோன்ற அஸ்டெக் காட்சிகள் பலவற்றின் மூலம் ஒரு நாள்காட்டி என்பது எனக்குப் பெரிய வியப்பு. சிவாவா மாநிலத்தில் பிறந்த ஹெசூஸ் ஹெல்கேரா, சிகரெட் நிறுவனம் ஒன்றின் நாள்காட்டிகளுக்காக வீரரையும் இளவரசியையும் எரிமலைக் காதலையும் வரைந்தவர். சமையலறைச் சுவரில் தொங்கிய அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களாகி நெடுஞ்சாலைத் தூணில் வரைந்தார்கள். சிவகாசி நாள்காட்டியோடு வளர்ந்த எவருக்கும் அந்தப் பயணத்தை விளக்கத் தேவையில்லை. தூண்களை எடுப்பது கடினம். பாலத்தின் அடியில் கும்மிருட்டு, அதன் விளிம்புக்கு அப்பால் கண்கூசும் வானம். சூரியன் தாழ்ந்து ஒளி பக்கவாட்டில் உள்ளே நுழையும் அரைமணி நேரம்தான் தூண்கள் முழு நிறத்தில் எழுந்து நிற்கும். மேலே லாரிகளின் அதிர்வு நிற்பதே இல்லை.

எல் பாசோத் தெரு தெற்கே போய்ப் பாலத்தில் ஏறுகிறது. இறங்கினால் அதுவே ஹுவாரெஸ் அவெனியூ. பாலத்துக்கு முன்னால் இரு ஊர்களையும் இரு சகோதரிகளாக்கி, ராமோன், கிறிஸ்டியன் கார்தெனாஸ் தம்பதியர் 2015-இல் வரைந்த சுவர் இருக்கிறது. பாலத்தின் சோதனைச் சாவடியில் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அந்தப் பக்கம் போனதும் கடைச் சுவர்களில் கையால் எழுதிய ரோத்துலோஸ் விளம்பரங்கள் தொடங்கும். டயர், பிரேக், பல், தாக்கோ எல்லாம் பெயரோடு படமாகவும் இருக்கும். நகர் நடுவே ஆர்த்துரோ தமாஸ்கோ வரைந்த பாடகர் ஹுவான் கப்ரியேல் ஒரு கட்டடத்தின் முழு உயரத்துக்கு நிற்கிறார். இந்த ஊரில் அநாதைப் பிள்ளைபோல வளர்ந்து மெக்சிகோ முழுதும் அழவைத்தவர் அவர். 2016 ஆகஸ்டில் அவர் இறந்தபோது மக்கள் பூவோடும் மெழுகுவத்தியோடும் கூடியது அந்தச் சுவரின் காலடியில்தான்.

ஹுவாரெஸில் இன்னொரு வகைச் சுவரெழுத்தும் உண்டு. ரோசா வண்ணச் சதுரம், அதன்மேல் கறுப்புச் சிலுவை. 1993-க்குப் பிறகு கொல்லப்பட்ட, காணாமற்போன பெண்களுக்காக அவர்களுடைய குடும்பத்தார் மின்கம்பங்களில் பூசத் தொடங்கியது. அதைக் கலை என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. வெளிறினால் திரும்பப் பூசுகிறார்கள். அந்தக் கம்பங்களை எடுக்கும்போது அழகான கோணம் தேடுவது தகாது. நேரே நின்று, கம்பம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியும்படி எடுத்தேன்.

வடக்கே எல் பாசோவுக்குத் திரும்பினால், அங்கும் சுவரில் துக்கம் உண்டு. 2019 ஆகஸ்ட் 3 அன்று ஒருவன் ஆயிரம் கிலோமீட்டர் வண்டியோட்டி வந்து, ஒரு வணிக வளாகத்தில் ஸ்பானிய மரபினரைக் குறிவைத்துச் சுட்டான். 23 பேர் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் ஊரின் சுவர்கள் மறுபடி நிறம் கொண்டன. துக்கத்துக்குச் சுவரை நாடுவது இந்த ஊரின் பழக்கம்.

புகைப்படம் ஒரு ஊரை என்ன செய்யும் என்பதற்கும் இங்கே சான்று இருக்கிறது. 1914-இல் நேஷனல் ஜியாகரஃபிக் இதழில் பூட்டான் கோட்டைகளின் படங்கள் வந்தன. எடுத்தவர் ஜான் கிளாட் ஒயிட். இங்கே இருந்த சுரங்கவியல் கல்லூரி எரிந்துபோனபோது, முதல்வரின் மனைவி கேத்லீன் வொரெல் அந்தப் படங்களை நினைவுபடுத்தினார். 1917 முதல் அந்தக் கல்லூரி, இன்றைய டெக்சஸ் பல்கலைக்கழக எல் பாசோ வளாகம், உள்சாய்ந்த கனத்த சுவரும் அகன்ற கூரையுமாகப் பூட்டான் பாணியிலேயே கட்டப்பட்டு வருகிறது. இமயமலையில் எடுத்த சில படங்கள் ஒரு பாலைவன ஊரின் சுவர்களைத் தீர்மானித்தன.

அதனால்தான் படமெடுப்பதை இங்கே விளையாட்டாக எண்ண முடியவில்லை. தூராங்கித்தோ என்ற மிகப் பழைய பேட்டையை இடித்து அரங்கம் கட்டும் திட்டத்தில் 2017-இல் சில கட்டடங்களின் சுவர் உடைக்கப்பட்டது. மக்கள் விடாமல் போராட, 2023-இல் நகர மன்றம் அந்த இடத்தைக் கைவிட்டது. எல்லாப் பேட்டைக்கும் அந்த வெற்றி கிடைப்பதில்லை. சொந்தக்காரர் மாறினால் மறுநாளே வெள்ளையடித்துவிடுகிறார்கள். சுவரோவியருக்கு ஓரளவு உரிமை தரும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தாலும், அது எல்லா ஓவியங்களையும் காப்பாற்றிவிடாது.

நீங்கள் எல் பாசோ போனால், அல்லது உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு வரைந்த சுவரைக் கண்டால், படத்தோடு மூன்று விவரம் குறித்து வையுங்கள்: தெரு, தேதி, வரைந்தவர் பெயர். ஓவியரின் பெயர் பெரும்பாலும் கீழ் மூலையில், தரையை ஒட்டி, புழுதி படிந்து இருக்கும். குனிந்து பாருங்கள்.