கால்பணமும் முழத்துண்டும்



இந்த மாசச் சுவரிதழுக்கு ‘நான் கண்ட ஒரு நிகழ்ச்சி’ என்று எழுதித் தரச் சொன்னார் தமிழய்யா. சுற்றுலா, தேரோட்டம், கிரிக்கெட் மேட்ச் எல்லாவற்றையும் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் எங்க ஊர்க் கொடையில் பார்த்த ஒரு நாடகத்தைப் பற்றி எழுதுகிறேன். முதல்லேயே சொல்லிவிடுகிறேன், நாடகம் நல்லா இல்லை. ஆனால் அதுக்கு யார் காரணம் என்பதைக் கடைசி வரை வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்க ஊர் அம்மன் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு உண்டு, நையாண்டி மேளம் உண்டு, ரெண்டாம் நாள் ராத்திரி இன்னிசைக் கச்சேரியும் உண்டு. இந்தச் சித்திரையில் நோட்டீஸைப் பார்த்தால், கச்சேரி இருக்க வேண்டிய இடத்தில் ‘அரிச்சந்திரா – இசை நாடகம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ‘பல ஆண்டுகளுக்குப் பின், பழைமை மாறாமல்!’ என்று அடியில் ஒரு வரி வேறு.

எங்க பாட்டாவுக்கு எழுபத்தேழு வயசு. முட்டுவலி உண்டு. கொடைக்குப் பகலில் போய்க் கும்பிட்டுவிட்டு வருவாரே தவிர, ராத்திரி போகவே மாட்டார். அந்த நோட்டீஸை வாங்கி, கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை வாசித்தார். “மக்கா, மயானக் காண்டம் உண்டுமான்னு கேட்டுட்டு வா” என்றார். நான் போய்க் கமிட்டி அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். “அது இல்லாம அரிச்சந்திரா உண்டுமாடே?” என்று சிரித்தார். பாட்டாவிடம் வந்து சொன்னதும், “அப்போ நானும் வாறேன்” என்று சொல்லிவிட்டார்!

பாட்டா இந்த நாடகத்தைப் பார்த்தது பத்துப் பதினோரு வயசில். நம்ம குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ந் தேதி. அதுக்கு ரெண்டு மூணு வருஷம் கழித்து, இதே கோயில் முன்னால், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்தாராம். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்போதுதான் முடிந்ததாம்.

அரிச்சந்திரன் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தமிழில் நல்லூர் வீரகவிராயர் அதை அரிச்சந்திர புராணமாகப் பாடினார். காந்தியடிகள் சிறு பையனாக இருந்தபோது இந்த நாடகத்தைப் பார்த்து, மனசுக்குள் அதைத் திரும்பத் திரும்ப நடித்துப் பார்த்ததாகச் ‘சத்திய சோதனை’யில் எழுதியிருக்கிறார். 1913-ல் தாதாசாகேப் பால்கே எடுத்த இந்தியாவின் முதல் முழுநீளப் படமும் இதே கதைதான். தமிழில் 1944-ல் பி.யு.சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்துப் படமாக வந்தது. சின்னப்பாவே நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்.

சத்தியம் தவறாத ராஜா என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஆனால் உள்ளே பார்த்தால் அது ஒரு குடும்பத்தின் கதை. அப்பா, அம்மா, ஒரே மகன். நாடு போகிறது. கடனை அடைக்க மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காசியில் விற்கிறான். தன்னையும் விற்று, சுடுகாடு காக்கிற வேலைக்குப் போகிறான். தர்ப்பை அறுக்கப் போன மகனைப் பாம்பு கடிக்கிறது. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வந்து சேர்வது அதே சுடுகாட்டுக்கு. இருட்டில் ஒருவரை ஒருவர் தெரியவில்லை. பிணத்தை எரிக்கக் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கொடு என்று அவன் கேட்கிறான். அவளிடம் ஒண்ணும் இல்லை. அப்போது அவன் சொல்கிறான்: வாய்க்கரிசி எனக்கு உரியது, அதை விட்டுவிடுகிறேன், மற்ற ரெண்டும் என் ஆண்டைக்கு உரியது, அதை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

இந்த இடம்தான் மயானக் காண்டத்தின் உயிர் என்பார் பாட்டா. “அடுத்தவன் காச தர்மம் பண்ணப்பிடாதுன்னு ஒருத்தன் சொல்லுகான். செத்துக் கெடக்கது சொந்தப் பிள்ளைன்னு அவனுக்குத் தெரியாது. பாக்கிற நமக்குத் தெரியும். எப்பிடி இருக்கும் பாத்துக்கோ!”

சரி, கொடை ராத்திரிக்கு வருகிறேன். ஒன்பது மணிக்கு நாடகம் என்று போட்டிருந்தது. பாயும் சுக்குக்காப்பியும் எடுத்துக்கொண்டு எட்டரைக்கே போய் முன்னால் இடம் பிடித்தோம். ஒன்பது மணிக்கு மேடையில் பொன்னாடை போர்த்தத் தொடங்கினார்கள். போர்த்தினார்கள், போர்த்தினார்கள், போர்த்திக்கொண்டே இருந்தார்கள். நாடகம் தொடங்கும்போது மணி பத்தேகால்.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு மாநில அரசு பன்னிரண்டு மணி வரை அனுமதி கொடுக்கலாம், அதுவும் வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மேல் இல்லை. நான் அதைக் குறை சொல்லவில்லை. பரீட்சைக்குப் படிக்கிறவர்களும் நோயாளிகளும் ஊரில் உண்டு. ஆனால் விடிய விடிய நடக்கிற நாடகத்தைப் பத்தேகாலுக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடிக்க வேண்டும் என்றால் எதையாவது வெட்டத்தானே வேண்டும்? எதை வெட்டினார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் பபூனும் டான்ஸ் ஆடுகிற அக்காவும் வந்தார்கள். இசை நாடகத்தில் கதைக்கு முன்னால் இவர்கள் வருவது வழக்கம்தான். ஆனால் அன்றைக்கு வந்தவர்கள் போகவே இல்லை. சினிமாப் பாட்டு, குத்தாட்டம், ரெட்டை அர்த்தப் பேச்சு என்று பதினொண்ணே கால் ஆகிவிட்டது. பின்னால் நின்ற பையன்கள் விசிலடித்தார்கள். கால் ஆர்மோனியக்காரர் பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பாட்டெல்லாம் கீபோர்டில் ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தது.

அந்தக் கதைக்குள்ளேயே சிரிப்பு உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடனை வசூலிக்க விசுவாமித்திரர் அனுப்புகிற நட்சத்திரேசன் வழியெல்லாம் அரிச்சந்திரனைப் படுத்துகிற பாடு வயிறு வலிக்கச் சிரிக்க வைக்குமாம். அந்த வேஷத்தையே அன்றைக்குக் காணோம்! நம்ம ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் இருந்துதான் மேலே வந்தார். டி.கே.சண்முகத்துக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). 1918-ல் மதுரையில் பிள்ளைகளை வைத்தே அவர் ஒரு நாடக சபை தொடங்கினார். அந்த வழியில் வந்த கலைவாணரின் சிரிப்பு ஆளைச் சிந்திக்க வைத்தது. சிரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சிரிப்பு என்றுதான் கேட்கிறேன்.

பதினொண்ணே காலுக்கு அரிச்சந்திரன் வந்தார். ராஜபார்ட் வேஷக்காரருக்குக் குரல் நல்லாவே இருந்தது. ஆனால் ஒரு பாட்டில் நாடு போயிற்று, அடுத்த பாட்டில் மனைவியை விற்றாயிற்று. மயானம் வரும்போது பன்னிரண்டுக்குக் கால் மணி நேரம் இருந்தது. கூட்டத்தில் பாதி எழுந்து பாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டது. சந்திரமதி மகனைத் தூக்கிக்கொண்டு பாடி வரும்போது, மைக்கில் ஒருவர் வந்து காணாமல் போன ஒரு சிறுவனைப் பற்றி அறிவிப்பு செய்தார். அதுக்கும் சிலர் சிரித்தார்கள்.

கால்பணம் கேட்கிற இடம் ஒரே வசனத்தில் முடிந்தது. வாய்க்கரிசி வரவே இல்லை. கடைசியில் சந்திரமதியை வெட்ட அரிச்சந்திரன் வாளை ஓங்க வேண்டும், அந்த வாள் மாலையாக மாற வேண்டும். தோவாளைச் சந்தையில் வாங்கின பிச்சிப்பூ மாலை, அவசரத்தில் வாளை ஓங்கும் முன்னேயே அவள் கழுத்தில் விழுந்துவிட்டது! மங்களம் பாடி முடித்தபோது பன்னிரண்டு அடிக்க ரெண்டு நிமிஷம்.

நாடகம் முடிந்து சாயாக்கடைக்குப் போனோம். பாதி சாயம் துடைத்த முகத்தோடு அரிச்சந்திரன் வேஷக்காரர் அங்கே சாயா குடித்துக்கொண்டிருந்தார். பாட்டாவைப் பார்த்து, “முன்னாடி உக்காந்திருந்தீங்களே ஐயா, எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

பாட்டா யோசிக்கவே இல்லை. “கொள்ளாம் தம்பி, கொள்ளாம்” என்றார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, “அரைமணி நேரமாவது குடுங்கன்னு கேட்டேன் ஐயா. சனம் எந்திரிச்சுப் போகுது, சட்டுன்னு முடிங்கன்னுட்டாங்க” என்றார்.

“வாய்க்கரிசிய விட்டுக் குடுக்க எடம் உங்களுக்குப் பாடமுண்டா?”

“உண்டுங்கய்யா. இருபது வருஷமாப் பாடுறது.”

“அது போரும்” என்று சொல்லி, அவர் சாயாவுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார் பாட்டா.

வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன். “பாட்டா, கொள்ளாம்னு சொன்னியளே, அது பொய்தானே?”

“நாடகத்தச் சொல்லல்ல மக்கா. அந்த மனுசனச் சொன்னேன்” என்றார். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம். பிறகு அவராகவே சொன்னார். எங்களுக்கெல்லாம் இதுவரை சொல்லாத ஒரு விஷயம்.

“எனக்கொரு தம்பி உண்டும். அஞ்சு வயசு. காய்ச்சல்ல போயிட்டான். எங்க அம்மை அழவே இல்ல. ஆறு மாசம் ஆருட்டயும் பேச்சில்ல. அம்மன் கொடைக்கு அப்பாதான் நிர்ப்பந்திச்சுக் கூட்டிட்டுப் போனாவ. அன்னைக்கு அரிச்சந்திரா. சந்திரமதி பிள்ளையத் தூக்கிட்டு வந்தா பாரு, அம்மை அழத் தொடங்கினா. அவ அழுதத பாத்துப் பக்கத்துல இருந்த பெண்ணுங்க எல்லாம் அழுதாவ. ஆரும் ஏன் அழுகன்னு கேக்கல்ல. விடிஞ்சு வீட்டுக்கு வந்து அவளே அடுப்பு பத்த வச்சா. அதுவரை ஆச்சிதான் பொங்கிட்டிருந்தா.”

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பாட்டா எதுக்காக முட்டுவலியோடு மூணரை மணிக்கூறு பாயில் உட்கார்ந்திருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

நண்பர்களே, இனிதான் நான் சொல்ல வந்தது. நாடகத்தைக் கெடுத்தது யார்? பொன்னாடைக்காரர்களா? கமிட்டியா? பபூனா? ராத்திரி முழுக்க நானும் அப்படித்தான் நினைத்தேன். காலையில் யோசித்துப் பார்த்தால், பின்னால் நின்று விசிலடித்தவர்கள் என் கூட்டாளிமார். அவர்கள் விசிலடித்தபோது முன்னால் இருந்து கைதட்டினவன் நான். பபூன் ஆட்டத்தை செல்போனில் வீடியோ எடுத்தவனும் நான்தான். சந்திரமதி மேடைக்கு வந்தபோது பாட்டா என் கையைத் தொட்டு, “கேளு மக்கா, இனிதான் நாடகம்” என்றார். நான் அந்த வீடியோவைக் கூட்டாளிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். “ஒரு நிமிஷம் பாட்டா” என்றேன். நிமிர்ந்து பார்க்கும்போது மாலை விழுந்துவிட்டது.

நாம் எதுக்குக் கைதட்டுகிறோமோ அதுதான் மேடையில் நீளும். எதுக்கு எழுந்து போகிறோமோ அதுதான் சுருங்கும். அன்றைக்கு அந்தக் கூட்டத்திலும், பாட்டாவின் அம்மையைப் போல, அழ இடம் கிடைக்காமல் வந்து இருந்தவர்கள் ஒருவராவது இருந்திருக்க மாட்டார்களா? அவர்களுடைய கால்மணி நேரத்தை நாங்கள் சிரித்தே தீர்த்துவிட்டோம். அரிச்சந்திரன் சொன்னது போல, அது எங்களுக்கு உரியது இல்லை. அடுத்தவருக்கு உரியது.

அடுத்த கொடைக்கும் நாடகம் வைக்கச் சொல்லிக் கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். பொன்னாடையை மத்தியானமே போர்த்திவிட்டு ஏழு மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டு வரை ஐந்து மணி நேரம் கிடைக்கும். பபூனுக்கு அரைமணி போதும். நட்சத்திரேசன் வரட்டும். ஆர்மோனியக்காரர் வாசிக்கட்டும். “பாப்போம்டே” என்றார் கமிட்டி அண்ணன். நீங்களும் உங்க ஊர்க் கொடைகளில் கேட்டுப் பாருங்கள்.

அந்த பபூன் வீடியோவை அழித்துவிட்டேன் என்று எழுதினால் கட்டுரை நல்லா முடியும். ஆனால் அரிச்சந்திரனைப் பற்றி எழுதிவிட்டுப் பொய் சொல்லக் கூடாது இல்லையா? அது இன்னும் என் செல்போனில்தான் இருக்கிறது. பாட்டா ஒரு நாள் அதைப் போடச் சொல்லிப் பார்த்தார். ரெண்டு இடத்தில் சிரிக்கவும் செய்தார். பிறகு, “இதில மயானம் இல்லியா மக்கா?” என்று கேட்டார்.

இல்லை பாட்டா. அதை நான் எடுக்கவில்லை.

– பதினோராம் வகுப்பு மாணவன், ‘ஆ’ பிரிவு