இன்னும் இருபது மைல்

மாலையில் வீடு திரும்பும் மாட்டை யாரும் விரட்ட வேண்டியதில்லை. கொட்டில் நெருங்க நெருங்க, அதன் கால் தானே விரையும். மாட்டுக்கு அந்த விரைவு தீங்கு செய்வதில்லை. மண்ணை விட்டு மேலே எழும்பிய மனிதனுக்கோ, அது உயிரையே விலையாகக் கேட்கும். இதை நான் ஏட்டில் படித்தவன் அல்லன். கலிபோர்னியா வானில், வாடகைக்கு எடுத்த ஒரு சிறு விமானத்தில் இருந்தபடி கண்டவன்.

வாடகைக்கு விமானமா என்று வியக்க வேண்டாம். நம்மூரில் சைக்கிளை மணிக்கணக்கில் எடுப்பதுபோல, அங்கே உரிமம் பெற்றவர் விமானத்தை எடுத்துச் செல்லலாம். நாங்கள் சென்றது செஸ்னா 172. நால்வர் அமரலாம். 1955இல் முதன்முதல் பறந்த இவ்வகை, 44,000க்கு மேல் கட்டப்பட்டுவிட்டது. உலகில் இந்த எண்ணிக்கையை எட்டிய விமானம் வேறில்லை. இயந்திரம் ஓடும் நேரத்தை ஒரு மானி எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணுக்குத்தான் வாடகை.

நண்பர் ஓட்டுநர், நான் பயணி. சான் பிரான்சிஸ்கோ குடாவின் கரையிலுள்ள ஹேவர்டில் புறப்பட்டு, ஆரிகனைக் கடந்து, சியாட்டில் வரை சென்று, ஐந்தாம் நாள் திரும்பிக்கொண்டிருந்தோம். கடைசியாக இறங்கிய ஊர் ரெட்டிங். அங்கிருந்து ஹேவர்டு ஏறத்தாழ 200 மைல். ஒன்றரை மணி நேரப் பயணம்.

புறப்படுமுன் நண்பர் ஏறி நின்று, இறக்கையிலுள்ள தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பெட்ரோலை அளந்தார். நீல நிறமான அந்தப் பெட்ரோலைக் குழலில் சிறிது வடித்து, நீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அளவு காட்டும் முள்தான் உள்ளே இருக்கிறதே!" என்றேன். "முள் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன்; கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன்" என்றார்.

பிறகு ஓர் அட்டையை எடுத்து, வரி வரியாகப் படித்துச் சரிபார்த்தார். பல்லாண்டு பறந்தவருக்கு அட்டை எதற்கு? 1935 அக்டோபர் 30 அன்று, ஒகையோவில், போயிங் 299 என்ற பெரிய விமானம் எழும்பிய சற்று நேரத்தில் வீழ்ந்து இருவர் மாண்டனர். ஓட்டியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், கைதேர்ந்தவர்கள். தரையில் காற்றுக்கு அசையாதிருக்கப் போட்ட பூட்டை நீக்க மறந்திருந்தனர். திறமைசாலியும் மறப்பான் என்ற உண்மையை ஒப்புக்கொண்டதில் பிறந்தது அந்த அட்டை.

எழும்பினோம். பின்னால் சாஸ்தா மலையின் பனிமுடி. கீழே வளைந்து வளைந்து செல்லும் சாக்ரமெண்டோ ஆறு; இரு மருங்கிலும் நீர் நிறைந்த நெல்வயல்கள். ஐந்து நாள் களைப்பும் பறந்துபோயிற்று.

அப்போதுதான் வானொலி பேசியது. ஹேவர்டில் முகில் 700 அடிக்கு இறங்கிவிட்டதாம்! கோடையில் பசிபிக் கடலின் குளிர்முகில், கோல்டன் கேட் வாயில் வழியே புகுந்து குடாவைப் போர்த்துவது வழக்கம். அன்று சற்று முந்திக்கொண்டது. நண்பர் பெற்றிருந்த உரிமமோ, கண்ணால் வெளியைப் பார்த்து ஓட்டுவதற்கு மட்டுமே. முகிலுக்குள் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதற்கன்று.

ஆசை வழக்காடத் தொடங்கியது. ஏழரை மணிக்கு ஃபிரிமாண்டில் தமிழர் கூட்டம். நான் பேச வேண்டும். விமானத்தை அன்றிரவே ஒப்படைக்க வேண்டும். தவறினால் கூடுதல் வாடகை. கடந்து வந்ததோ ஆயிரம் மைலுக்கு மேல். எஞ்சியது இருபது மைல்கூட இல்லை! முகிலின் அடியில் நுழைந்து போனால் என்ன?

என்னவாகும் என்பதை அறிவு முன்பே அளந்து வைத்திருக்கிறது. 1954இல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி பெறாத இருபது பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து, பயிற்சியாளர் துணையுடன் ஓட்டச் சொன்னார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக அவர்கள் தாக்குப்பிடித்தது 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை! அடிவானம் மறைந்ததும் உட்செவி பொய் சொல்கிறது; சாய்ந்து விழும்போது, நேராகச் செல்வதாகச் சாதிக்கிறது. 1999இல் இளைய ஜான் கென்னடி, மனைவியுடனும் அவர் தமக்கையுடனும் கடலில் மாண்டதும், மார்த்தாஸ் வினியார்டு தீவை நெருங்கிய வேளையில்தான். மூட்டம் கலந்த இருளில் திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்றது விசாரணை அறிக்கை.

அந்த இல்லினாய் ஆய்வின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். முறையாகத் திரும்பி வெளியேறும் வழியைக் கற்பித்த பிறகு, அதே மாணவர்கள் பெரும்பாலும் தப்பினர். ஆம், திரும்புதல் கோழைத்தனமன்று. கற்றுக்கொள்ள வேண்டிய கலை!

நண்பர் அதைக் கற்றவர். மலைத்தொடருக்கு இப்பால், வானம் தெளிந்திருந்த லிவர்மோர் நிலையத்தில் இறக்கினார். விமானத்தைக் கயிற்றால் கட்டினோம். கார் பிடித்தோம். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போனோம். காத்திருந்தவர்களுள் ஒரு பெரியவர், "நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டிருக்கலாமே, தம்பி!" என்றார், உண்மையான அன்போடு.

நண்பர் பணிவாகச் சொன்னார்: "பார்த்தோம், ஐயா. பெட்ரோல் பார்த்தோம், பூட்டுப் பார்த்தோம், முகில் பார்த்தோம். அதனால்தான் பிந்தி வந்தோம், அதனால்தான் வந்தோம்."

பெரியவர் சிரித்துவிட்டார். மன்றமும் சிரித்தது.

மறுநாள் நண்பகலில் முகில் விலகிய பின் விமானம் ஹேவர்டு சேர்ந்தது. கூடுதல் வாடகையை நண்பர் முகம் சுளிக்காமல் கட்டினார். பிந்தியதற்குக் கட்டணம் உண்டு, கட்டித் தீர்த்துவிடலாம். முந்த நினைத்து முகிலில் நுழைந்திருந்தால், அந்தக் கணக்கை யார் தீர்ப்பது?