நான்கு மணி நேரத் தூரம்

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். விமானம் இத்தூரத்தைச் சுமார் நாலரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. எங்கள் நெம்மேலிக் கடற்கரையில் நேர் கிழக்கே அந்தமான். சிங்கப்பூரோ தென்கிழக்கே, நிலநடுக்கோட்டுக்கு அருகில்.

என் தாத்தா 1960களில் ரஜூலா கப்பலில் போனவர். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம். பின்னர் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்ததோடு அக்கப்பல் போக்குவரத்தே நின்றுபோயிற்று.

இன்று அங்கே உழைப்பவர் என் அண்ணன். இங்கே இரவு 11 மணிக்குப் புறப்படும் விமானம் அங்கே காலை 6 மணிக்கு இறங்குகிறது என்று வையுங்கள். கடிகாரப்படி ஏழு மணி நேரம். அதில் இரண்டரை மணி இரு நாட்டு நேர வேறுபாடு. திரும்பி வருவோருக்கு அந்த இரண்டரை மணி மீண்டும் கைக்கு வந்துவிடும்!

இக்கணக்கை ஆயாவிடம் விளக்கினேன்.

"அவ்ளோதானா? செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய் வர நேரந்தானே! அப்புறம் ஏன்டா அவன் ரெண்டு வருஷமா வரலே?" என்று கேட்டார்.

என் பூகோளப் புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. விடுப்பு கிடைக்க வேண்டும். பயணச்சீட்டுக்குப் பணம் வேண்டும். வேலைக்குப் போக வாங்கிய கடன் தீர வேண்டும். விஞ்ஞானம் கடலைச் சுருக்கியது உண்மை. கடனைச் சுருக்கும் விமானத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆயாவுக்கு வயது 82. கடனில் இன்னும் 11 தவணைகள் பாக்கி. எனவே, சிங்கப்பூரிலிருந்து நெம்மேலிக்குப் பயண நேரம், என் கணக்கில், பதினொரு மாதமும் நாலரை மணியும்.