புகையும் பக்கத்து வீட்டுச் சன்னலும்



சமையலறைச் சிம்னி ஒன்று வாங்கியதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தக் கருவியை மாட்டி முடிப்பதற்குள், பல ஆண்டுகளாகப் பெண்கள் மத்ரஸாவில் நான் நடத்தி வரும் ஒரு பாடத்தை நானே மறுபடியும் படிக்க நேர்ந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். பெண் வீட்டிலேயே குடும்பம் நடத்துவது இங்குள்ள வழக்கமாதலால், என் உம்மா எப்போதும் என்னுடன்தான் இருக்கிறார்கள். விறகடுப்பின் முன்னே அரை ஆயுளைக் கழித்தவர்கள். சென்ற ஆண்டு அவர்களுக்குத் தொடங்கிய இருமல் இரண்டு மாதமாகியும் நிற்கவில்லை. மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவர், "மீன் பொரிக்கும்போதும் தாளிக்கும்போதும் அடுப்படிப் பக்கம் வர வேண்டாம்" என்றார். உம்மாவின் கட்டிலோ அடுப்படியை ஒட்டிய அறையில் இருக்கிறது. நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அஸருக்குப் பிறகு வடையும் சமோசாவும் பொரியாத வீடு எங்கள் ஊரில் ஏது?

கையிலிருந்தது சீட்டுப் பணம் பத்தாயிரம் ரூபாய். அதற்குள் முடிக்க வேண்டும் என்ற உறுதியுடன் தூத்துக்குடியில் ஒரு கடைக்குச் சென்றோம். விற்பனையாளர் முதலில் காட்டியது, கையை அசைத்தால் இயங்குவதும், தன்னைத் தானே சூடாக்கி எண்ணெயை வடித்துக்கொள்வதுமான ஒரு சிம்னி. மணிக்கு 1200 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்றார். விலை எங்கள் தொகையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. "பெரிய எண் என்றால் நல்ல சிம்னி" என்பதே அவருடைய வாதம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் அடுப்படி 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரம். மொத்தம் 800 கன அடி. ஏறத்தாழ 23 கன மீட்டர். சமையலறைக் காற்றை மணிக்குப் பத்து முதல் பதினைந்து முறை மாற்ற வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்படி 230 முதல் 345 கன மீட்டர் போதும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் குழாய் மாட்டாத நிலையில் அளந்ததாக இருக்கலாம்; குழாயும் வளைவும் சேர்ந்தால் இழுவை குறையும். நாம் தாளிப்பதும் பொரிப்பதும் அதிகம். ஆகவே கணக்கில் வந்ததைப் போல இரு மடங்கு, அதாவது 700 அளவில் இருந்தால் போதும் என்று முடிவு செய்தேன். தேவைக்கு மேல் செலவிடுவது வீண்விரயம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தத் தேவை எவ்வளவு என்று அளந்து பார்க்கத்தான் நாம் சோம்புகிறோம்.

இரண்டாவது கேள்வி குழாய் வேண்டுமா என்பது. சுவரில் துளையிடாமலே கரி வடிகட்டி மூலம் காற்றைச் சுத்தம் செய்து அறைக்குள்ளேயே விடும் வகை ஒன்றுண்டு. மாட்டுவது எளிது, வாடகை வீட்டில் இருப்போர் பலர் இதைத்தான் தேர்கிறார்கள். ஆனால் அது எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து, வாடையை ஓரளவு குறைக்கிறதே தவிர, வெப்பமும் நீராவியும் எரிவாயுச் சுடரிலிருந்து வரும் வாயுக்களும் அறைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. கரியையும் சில மாதங்களுக்கு ஒருமுறை காசு கொடுத்து மாற்ற வேண்டும். இருமுகிற உம்மாவுக்காக வாங்கும் கருவி, புகையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட வேண்டாமா?

ஆக நாங்கள் வாங்கியது, அலமாரிக்கு அடியில் பொருத்தும் தட்டையான சிம்னி. அகலம் 60 சென்டிமீட்டர்; எங்கள் இரண்டு பர்னர் அடுப்பை முழுவதும் மூடும் அளவு. மூன்று பர்னர் அடுப்பு வைத்திருப்போர் அதற்கேற்ப அகலமானதைப் பார்க்க வேண்டும். உள்ளே மெல்லிய கம்பி வலைக்குப் பதிலாக, எஃகுப் பட்டைகள் வளைந்து வளைந்து அமைந்த 'பேஃபிள்' வடிகட்டி. கம்பி வலை நம் எண்ணெய்க்கு விரைவில் அடைத்துக்கொள்ளும். தானே சுத்தம் செய்யும் வசதி இல்லை. கையால் கழுவ வேண்டும். விலை 7,200 ரூபாய். மிச்சப் பணம் குழாய்க்கும் கூலிக்கும்.

கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

பொருத்த வந்தவர் சுவரை அளந்து, துளையிட வேண்டிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டார். அந்தச் சுவருக்கு அப்பால் முடுக்கு. பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வரும் சந்து. அகலம் நான்கடி இருக்கும். முடுக்கைத் தாண்டினால் பக்கத்து வீட்டு லாத்தாவின் சன்னல். அவர்களுடைய மகள் பிள்ளை பெற்று வந்திருந்தாள். நாற்பது நாள் ஆகாத அந்தக் குழந்தையின் தொட்டில் சன்னலுக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த ஊர்ல எல்லாரும் இப்படித்தான் விடுறாங்க, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல" என்றார் அவர். மாற்று வழியையும் கேட்டேன். அலமாரியைத் துளைத்துக் குழாயை நேரே மேலே ஏற்றி, கூரைத் தளத்தையும் துளைத்து, மொட்டை மாடிக்கு மேலே வெளியேற்றலாம். கூடுதல் செலவு 2,300 ரூபாய். அலமாரியில் ஒரு தட்டும் போய்விடும். பத்தாயிரத்தைத் தாண்டிவிடுமே என்று மனம் தயங்கியது.

அவரைச் சற்று நிற்கச் சொல்லிவிட்டு லாத்தாவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் ஒரு கணமும் யோசிக்காமல், "அதுக்கென்ன புள்ள, தாராளமா வை" என்றார்கள். சொல்லிக்கொண்டே, அவர்களுடைய கை தொட்டிலைச் சன்னலிலிருந்து உள்ளே தள்ளியது. அவர்கள் அதை அறிந்து செய்ததாகத் தோன்றவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

திரும்பி வரும்போது என் வகுப்பு நினைவுக்கு வந்தது. தீங்கு அகற்றப்பட வேண்டும். ஆனால் ஒரு தீங்கை அதைப் போன்ற இன்னொரு தீங்கைக் கொண்டு அகற்றலாகாது என்பது ஃபிக்ஹு கலையின் அடிப்படை விதிகளில் ஒன்று. அண்டை வீட்டாருக்குப் புகை தரும் ரொட்டி அடுப்புகளையும் குளியல் கூடங்களையும் பற்றி முற்கால ஃபிக்ஹு அறிஞர்கள் விரிவாகவே பேசியிருக்கிறார்கள். இதை நான் பலகையில் எழுதிப் போட்டு, மாணவிகளை எடுத்துக்காட்டு சொல்லச் சொல்வேன். எடுத்துக்காட்டு என் வீட்டுச் சுவரில் பென்சில் வட்டமாக இருந்தது. வெட்கத்தினால் தரப்பட்ட சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் நாம் சொல்லிக் கொடுப்பதில்லையா? என் உம்மாவின் நெஞ்சில் இறங்கும் புகையை ஒரு பச்சைக் குழந்தையின் நெஞ்சுக்குத் திருப்பிவிட்டு, இருமல் தீர்ந்தது என்று நான் அல்ஹம்து சொல்ல முடியுமா?

குழாயை மேலேதான் ஏற்றினோம். மொத்தச் செலவு 11,400 ரூபாய் ஆயிற்று. கூடுதல் பணத்தை அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து கொடுத்தேன்.

இப்போது நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மீன் பொரிக்கும் புகை பெரும்பாலும் போய்விடுகிறது. மிளகாய் வறுக்கும் நெடி முழுவதும் போவதில்லை. உம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது. மருந்தாலா, சிம்னியாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. அவர்களுக்கு ஒரே குறை, சத்தம். "பாங்கு சொல்றது காதுல விழல" என்று முதல் நாளே கடிந்துகொண்டார்கள். பாங்கு நேரத்தில் இப்போது சிம்னியை நிறுத்திவிடுகிறோம், அடுப்பையும் தணித்துவிடுகிறோம்.

வாங்க எண்ணுவோருக்குச் சில சொற்கள். அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை இடைவெளி விடுவது வழக்கம். உங்கள் கருவியின் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள். ஆறு அங்குல வாய் உள்ள சிம்னிக்கு ஆறு அங்குலக் குழாயே வேண்டும்; செலவைக் குறைக்க நான்கு அங்குலமாகச் சுருக்கினால் இழுவை குறைந்து சத்தம் கூடும். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மாடியில் குழாய் வாய்க்கு மழை மூடி போடுங்கள். கதவையும் சன்னலையும் முழுக்க அடைத்துவிட்டு ஓட்டாதீர்கள். வெளியே தள்ளப்படும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி வேண்டும். அடுப்பை மூட்டுவதற்குச் சற்று முன்பே போட்டு, அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். வடிகட்டியை இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வெந்நீரில் சோப்புத் தூள் கலந்து ஊற வைத்துக் கழுவுங்கள். எண்ணெய் படிந்த வடிகட்டி தீப்பிடிக்கவும் கூடும். மின் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 150 வாட் மோட்டார் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஓடினாலும் மாதம் 9 யூனிட்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, துளையிடும் முன் வெளியே சென்று, அந்தச் சுவருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

குழம்பு வைத்தால் சற்றுத் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். நோன்பின் முதல் நாள் கஞ்சியும் வடையும் எடுத்துக்கொண்டு முடுக்கைக் கடந்தேன். லாத்தா வீட்டுச் சன்னல் திறந்திருந்தது. தொட்டில் பழைய இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

நம் வீடுகளின் நலத்தைப் பிறர் நலத்துக்கு ஊறு விளைவிக்காமல் தேடிக்கொள்ளும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.

வஸ்ஸலாம்.