உறையூர்ச் சுருட்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும்

திண்டுக்கல் வட்டாரத்தில் விளையும் புகையிலை திருச்சி உறையூருக்கு வந்து சுருட்டாகிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் ‘டிரிச்சினாபோலி சுருட்டு’ என்ற பெயரில் லண்டன் வரை போன சரக்கு இது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது டிரிச்சினாபோலி சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். அப்படிப் பெயரெடுத்த தொழிலில் இன்று மிஞ்சியிருப்பவை சில பட்டறைகளே. அவற்றில் ஒன்றுக்குப் போயிருந்தேன். சுருட்டு எப்படி உருவாகிறது என்று பார்க்கத்தான் போனேன். அங்கே வேலை செய்கிறவர்கள் அதிகம் பேசியதோ, உருவான சுருட்டு எப்படிக் கெடுகிறது என்பதைப் பற்றி.

பெண்கள் தரையில் அமர்ந்து இலையின் நடு நரம்பை உருவிக்கொண்டிருந்தார்கள். இலையை லேசாக ஈரப்படுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் நரம்பு, ஒரு பக்கம் இலை என்று இரண்டு குவியல்கள் வளர்ந்தன. சற்றுத் தள்ளி, பலகை முன் இருந்த பெரியவர் துண்டு இலைகளைக் கைக்குள் அடுக்கி, ஓர் இலையால் கட்டுப்போல் சுற்றி, அதன்மேல் ஓட்டையோ கிழிசலோ இல்லாத மெல்லிய மேல் இலையைச் சாய்வாக ஓட்டினார். இறுக்கம் கூடினால் புகை இழுபடாது. குறைந்தால் மளமளவென எரிந்து சுடும். அந்த அளவு அவர் விரலுக்குத்தான் தெரியும்.

எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னது ‘பதம்’. பதம் குறைந்த இலை கையிலேயே நொறுங்கும். மிஞ்சிய இலையில் பூஞ்சணம் ஏறும். “நாங்க எவ்வளவு சீராச் சுத்திக் கொடுத்தாலும், வாங்கிட்டுப் போறவங்க அலமாரியில சும்மா போட்டு வெச்சா சருகாப் போயிடும் தம்பி. அப்புறம் சரக்கு மட்டம்னு எங்களைத்தான் சொல்லுவாங்க” என்றார் பெரியவர். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. சுருட்டைப் பாதுகாப்பது அவர்கள் வேலையின் கடைசிப் படி. அது வாங்கியவரிடம் விடப்பட்டிருக்கிறது.

அந்தப் படிக்குப் பெரிய செலவு வேண்டாம். சுருட்டுக்குத் தேவை 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும், 18 முதல் 21 டிகிரி வரையான வெப்பமும். விலை உயர்ந்த மரப்பெட்டிகளில் உள்ளே தேவதாரு போன்ற மணமுள்ள மரப்பலகை பதித்திருப்பார்கள். ‘ஸ்பானிஷ் சீடர்’ என்று அழைக்கப்படும் அந்த மரம் உண்மையில் நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. மரப்பெட்டியைப் புதிதாக வாங்கினால் முதலில் அந்த மரமே ஈரத்தை உறிஞ்சும். மூடியில் இடைவெளி இருந்தால் ஈரம் நிற்காது. தொடங்குகிறவருக்கு, ரப்பர் பட்டையும் நான்கு பக்கக் கொக்கியும் உள்ள, வாடையில்லாத பிளாஸ்டிக் டப்பாவே போதும்.

அதற்குள் இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, ஈரப்பதப் பொதி. காற்று உலர்ந்தால் ஈரம் கொடுக்கும், கூடினால் உறிஞ்சிக்கொள்ளும். 25 சுருட்டுக்கு 60 கிராம் பொதி ஒன்று போதும். வெயில் ஊரில் 65 சதவீதப் பொதியே நல்லது. ஈரப் பஞ்சு, ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்கு வைக்கச் சொல்வார்கள். வைக்காதீர்கள், அவை ஈரத்தை அளவின்றிக் கூட்டிப் பூஞ்சணத்தைக் கொண்டுவரும். மற்றொன்று, சிறு டிஜிட்டல் ஈரப்பதமானி. அது சரியாகக் காட்டுகிறதா என்று உப்பை வைத்தே சோதிக்கலாம். பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில துளி நீர் விட்டு, மானியோடு ஒரே பையில் காற்றுப் புகாமல் மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எவ்வளவு விலகியிருக்கிறதோ அதைக் கணக்கில் கழித்தோ கூட்டியோ கொள்ளலாம்.

திருச்சி போன்ற ஊர்களில் பெரிய எதிரி வெப்பம். 25 டிகிரியைத் தாண்டினால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரியும் வாய்ப்பு கூடுகிறது. மேல் இலையில் குண்டூசி குத்தியது போன்ற துளை தெரிந்தால் அது வண்டின் வேலை. அதனால் டப்பாவைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, வெயில் படாத உள்ளறையில் வையுங்கள். வண்டு பற்றியிருந்தால் சுருட்டுகளை இறுகிய பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள், உறைநிலைத் தட்டில் மூன்று நாள், மறுபடி குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்து எடுக்கலாம். வழக்கமாகவே அங்கே வைக்கக் கூடாது. காற்று உலர்ந்திருக்கும், சமையல் வாடையும் ஏறும். காய்ந்துபோன சுருட்டை அவசரமாக ஈரப்படுத்தவும் வேண்டாம். உள்ளிருக்கும் இலை சட்டென்று உப்பி மேல் இலையை வெடிக்க வைக்கும். டப்பாவுக்குள் வைத்துச் சில வாரம் பொறுத்தால் பதம் திரும்பும்.

புகையிலை உடலுக்குக் கேடு. சுருட்டும் அதற்கு விலக்கல்ல. அதன் தூசியை நாள் முழுக்கச் சுவாசிக்கிறவர்கள் இந்தத் தொழிலாளர்களே. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966-இலேயே வேலை நேரத்தை நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. எண்ணிக்கைக்குக் கூலி பெறுகிறவருக்கோ கை ஓயும் நேரமெல்லாம் வருமான இழப்பு. இளையவர்கள் வராததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

புகைக்காதவர் தொடங்க வேண்டாம். வாங்குகிறவர் பெட்டி பெட்டியாக வாங்காமல் பத்து வாங்குங்கள். நேரடியாகப் பட்டறையில், கேட்ட விலை கொடுத்து வாங்குங்கள். வாங்கியதைக் காய விடாமல் வையுங்கள். ஒருவர் உடல்நலத்தைச் செலவழித்துச் செய்த பொருளை அலமாரியில் வீணாக்க நமக்கு உரிமை இல்லை.