சாரதாவுக்கு எத்தனை வயது?

தமிழாசிரியன் ஒருவன் திரைப்படம் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தால், "சிலம்பும் மேகலையும் இருக்கச் சினிமா எதற்கு?" என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆயினும், ஒரு படத்தை என் வாழ்நாளில் மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் உடனிருந்தோர் கூறிய கருத்துகளைக் கேட்டேன். மூன்றாம் முறைதான், அதுகாறும் எதைக் காணத் தவறினேன் என்பது எனக்கு விளங்கிற்று. அத்தவறு வெள்ளித்திரையோடு நின்றிருந்தால் எழுதத் துணிந்திரேன். அது என் பள்ளி அலுவலகம் வரை வந்துவிட்டது. ஆதலின் எழுதுகின்றேன்.

1978ஆம் ஆண்டு வெளிவந்த 'சிகப்பு ரோஜாக்கள்' என்பதே அப்படம். '16 வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்' ஆகிய இரண்டாலும் கிராமத்து மண்ணைத் திரையில் காட்டிப் புகழ்பெற்ற பாரதிராஜா, நகரத்து மாளிகைக்குள் நுழைந்து எடுத்த மூன்றாம் படம் அது. கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் முதன்மைப் பாத்திரங்களில் நடித்தனர். இசை இளையராஜா. பாடல்கள் இரண்டே, அவற்றுள் ஒன்றை எஸ். ஜானகியுடன் பாடியவர் நம் நாட்டில் பிறந்து தமிழகம் சென்ற மலேசியா வாசுதேவன். பாரதிராஜாவே இதனை 1980இல் இந்தியில் 'ரெட் ரோஸ்' என்று மீண்டும் எடுத்தார்.

கதையைச் சுருங்கச் சொல்லலாம். திலீப் செல்வந்தன், அழகன், பெண்களை மயக்கி அழைத்து வந்து கொல்பவன். கொன்றவர்களைத் தோட்டத்தில் புதைத்து மேலே ரோஜாச் செடி வைக்கின்றான். கொலைக் காட்சிகளைப் படமெடுத்து வளர்ப்புத் தந்தைக்குப் போட்டுக் காட்டுகின்றான். துணிக்கடையில் பணிபுரியும் சாரதா என்னும் பெண், திருமணம் இன்றி நெருங்க மறுக்கவே, அவளை மணந்து வீட்டுக்குக் கொண்டு வருகின்றான். ஓரிரவில் அவள் உண்மையைக் கண்டறிந்து உயிர் தப்ப ஓடுகின்றாள். திலீப்பின் இளமைக் காலமும் நமக்குக் காட்டப்படுகின்றது. ஆதரவற்ற சிறுவனாக இருந்தபோது ஒரு பெண்ணின் வஞ்சனையால் அவன் பழி சுமந்தான். எடுத்து வளர்த்தவரின் மனைவியிடமும் துரோகத்தையே கண்டான். வளர்த்தவரோ பெண்ணினத்தின் மீதே வெறுப்பை ஊட்டினார். முடிவில், அறிவு கலங்கிச் சிறைப்பட்ட அவனைச் சாரதா சென்று காண்கின்றாள்.

இதை நான் முதன்முதலில் பார்த்தது 1982இல். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, குளுவாங் நகரப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்த காலம். தோட்டத்தில் ஒருவர் வீட்டில் வீடியோ இருந்தது. சனிக்கிழமை இரவுகளில் நகரத்திலிருந்து நாடா வாடகைக்கு வரும். திண்ணையிலும் வாசலிலும் பாய் விரித்து அமர்ந்து பார்ப்போம். படம் எடுத்தெடுத்துத் தேய்ந்த படி. கோடுகள் ஓடிக்கொண்டே இருந்தன. கோடுகள் அச்சத்தைக் குறைக்கவில்லை. அன்றிரவு லயத்துக்குப் பின்னால் இருந்த கழிவறைக்குத் தனியே போக எந்தப் பையனுக்கும் துணிவில்லை. துரை பங்களா முன்னிருந்த ரோஜாச் செடிகளைக் கடக்கும்போது நெடுநாள் வரை ஓடித்தான் கடந்தோம்.

மறுநாள் காலை பால்மரக் காட்டிலும் குழாயடியிலும் அதே பேச்சு. ஆடவர் கமலின் நடிப்பை வியந்தனர். பெண்கள், வியக்கத்தக்க வகையில், திலீப்புக்காக இரங்கினர். "பெத்தவங்க இல்லாம வளந்த புள்ள, யாரோ செஞ்ச பாவம் அவன இப்புடி ஆக்கிடுச்சு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. எல்லாரும் ஆமோதித்தனர். நானும் ஆமோதித்தேன். தாயில்லாப் பிள்ளைகள் எங்கள் லயத்திலும் இருந்தனர் அல்லவா?

இரண்டாம் முறை பார்த்தது 1991இல், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். விடுதி மாணவர் கூடத்தில் படம் ஓடிற்று. அடுத்த வாரம் தமிழ்மொழிக் கழகத்தில் பட்டிமன்றம்: திலீப்பைக் கொலைஞன் ஆக்கியது சமூகமா, அவன் மனமா? சமூகமே என்று வாதிட்ட அணிக்கு நான் தலைவன். கல்வி உளவியல் பாடத்தில் அப்போதுதான் கற்றவற்றை எல்லாம் அள்ளி வீசினேன். இளமையில் பெறும் காயம், புறக்கணிப்பு, தவறான வழிகாட்டி என்று அடுக்கினேன். 'மூடுபனி'யையும் துணைக்கு அழைத்தேன். 1980இல் பாலுமகேந்திரா எடுத்த அப்படத்திலும் கொலைஞனின் வெறிக்கு வேர் அவன் சிறுவயதில் கண்ட வீட்டுத் துன்பமே. கைதட்டல் எழுந்தது.

எதிரணியில் ஒரு மாணவி இருந்தார், சிகாமட் பக்கத்தவர், அதிகம் பேசாதவர். அவர் எழுந்து ஒன்றே கேட்டார்: "திலீப்பின் இளமையை நமக்குக் காட்டிவிட்டார்கள். ரோஜாச் செடிக்குக் கீழே கிடப்பவர்களின் இளமையை யார் காட்டினார்கள்? அவர்களுக்காக இந்த மன்றத்தில் பேசுபவர் யார்?"

விடை என்னிடம் இல்லை. இல்லாததால் நகைச்சுவையை நாடினேன். "வேண்டுமானால் இயக்குநருக்குக் கடிதம் எழுதிப் பட்டியல் கேளுங்கள்" என்றேன். மன்றம் சிரித்தது. வெற்றி எங்களுக்கே. அவர் அமைதியாக அமர்ந்தார். அப்பரிசாகக் கிடைத்த நூல் இன்றும் என் அலமாரியில் உள்ளது.

இனி, சொல்ல நாணும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2016இல், தலைமையாசிரியராக நான் பொறுப்பேற்ற புதிது. ஆறாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் தன் வகுப்புச் சிறுமியின் குறிப்பேட்டில் இழிசொற்களை எழுதி வந்தான். பள்ளி விட்டதும் அவளைப் பின்தொடர்ந்து தொல்லையும் கொடுத்தான். அவள் தாயார் புகாருடன் வந்தார். சிறுவனை அழைத்தேன். தாய் வீட்டை விட்டுப் போனதையும், தந்தை குடிப்பதையும், இரவில் தான் தனியே உறங்குவதையும் அழுதுகொண்டே கூறினான். என் கண்ணும் கலங்கிற்று. அறிவுரை கூறி அனுப்பிவிட்டு, சிறுமியின் தாயாரிடம், "பாவம், தாயில்லாப் பிள்ளை. உங்கள் மகளைச் சற்று ஒதுங்கியே நடக்கச் சொல்லுங்கள்" என்றேன். அன்று மாலை, நல்லாசிரியனுக்குரிய கடமையைச் செய்தேன் என்ற நிறைவோடு வீடு திரும்பினேன்.

ஆண்டு நடுவிடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் நாற்காலி வெறுமையாக இருந்தது. வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டனர். அந்நாளில் நடைமுறையில் இருந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதும் ஆண்டில் எந்தப் பெற்றோரும் காரணமின்றிப் பிள்ளையைப் பள்ளி மாற்றார் என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்தது. நானும் அறிவேன். எனினும் காரணத்தை நான் தேடவில்லை.

2018 பிப்ரவரியில் ஸ்ரீதேவி துபாயில் மறைந்தார். அவ்வாரத்தில் ஓரிரவு பழைய நினைவில் 'சிகப்பு ரோஜாக்க'ளை மீண்டும் பார்த்தேன். என் மகள் அருகில் அமர்ந்திருந்தாள். அவ்வாண்டு அவள் படிவம் மூன்று, பதினைந்து வயது. பட்டிமன்றப் பெருமையை அவளிடம் கூறிக்கொண்டிருந்தேன். சாரதா இருளில் ஓடும் காட்சியில் அவள் கேட்டாள்:

"அப்பா, இதில் நடிக்கும்போது இவருக்கு என்ன வயது?"

கணக்கிட்டேன். ஸ்ரீதேவி பிறந்தது 1963 ஆகஸ்டு 13. படம் வந்தது 1978 அக்டோபர். "பதினைந்து" என்றேன்.

"என் வயதா?" என்றாள். பிறகு ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரத்தில் எழுந்து படிக்கப் போய்விட்டாள். நான் மட்டும் திரையைப் பார்த்தபடி இருந்தேன்.

தோட்டத்துத் திண்ணையிலும் கல்லூரி மன்றத்திலும் எத்தனை கருத்துகளைக் கேட்டிருந்தேன்! கமலின் கண்கள், இளையராஜாவின் பின்னணி இசை, கறுப்புப் பூனை, திலீப்பின் துயரம் எனப் பேசாத பொருளில்லை. சாரதாவின் வயதை மட்டும் எவரும் கேட்கவில்லை. அவளும் அக்காலத்து வழக்கப்படி வளர்ந்த பெண்ணாகவே நம் கண்ணுக்குத் தெரிந்தாள். 1976இல் 'மூன்று முடிச்சு' படத்தில் 13 வயதில் ரஜினிகாந்தின் சிற்றன்னையாக நடித்தவர் அல்லவா அவர்! படமெடுத்தவர்களைக் குறைகூற நான் முன்வரவில்லை. பார்த்த நாம் எதைப் பார்த்தோம் என்பதே என் கேள்வி.

அவ்விரவில் சிகாமட் மாணவியின் வினா இருபத்தேழு ஆண்டுகள் கழித்து என்னிடம் திரும்பி வந்தது. வெறுமையான நாற்காலியும் உடன் வந்தது. சிறுவனின் வீட்டுக் கதையை முழுவதும் கேட்ட நான், சிறுமியை அழைத்து ஒரு சொல்லேனும் கேட்டேனா? ஒரு பக்கமே கேட்டுத் தீர்ப்பளித்த பாண்டியனின் பிழையை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கிய வாய் இது! அவனோ பிழையை உணர்ந்த கணமே உயிர் துறந்தான். நான் இரண்டாண்டுகள் நிம்மதியாக உறங்கியிருந்தேன்.

மறுவாரம் அக்குடும்பத்தின் முகவரியைத் தேடிச் சென்றேன். அச்சிறுமி அப்போது இரண்டாம் படிவத்தில் இருந்தாள். தாயார் உபசரித்தார். நான் வந்த காரணத்தைக் கூறி, இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவள் நெடுநேரம் தரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, "அன்றைக்கு என்னை நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தேன், ஐயா" என்றாள். மன்னித்தேன் என்று அவள் கூறவில்லை. கூற வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கில்லை.

இதனால் இரக்கம் தவறென்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. வெறுப்பும் கற்பிக்கப்படுவதே, திலீப்புக்கு அதைக் கற்பித்தவர் அவன் வளர்ப்புத் தந்தை. அத்தகைய கல்வி பெறும் பிள்ளைகளை அறிந்து மீட்பது ஆசிரியர் கடமையே. அந்தச் சிறுவனுக்கும் என் இரக்கம் தேவைதான். ஆனால் காரணத்தை அறிவது வேறு. குற்றத்தைத் துடைப்பது வேறு. ஒருவர்மேல் காட்டும் இரக்கத்தின் விலையை மற்றொருவர் தலையில் ஏற்றுவது எவ்வகையிலும் நடுவுநிலைமை ஆகாது. இன்று என் அலுவலகத்துக்குப் புகார் வந்தால், முதல் நாற்காலி துன்புற்ற பிள்ளைக்கே. மற்றவனின் கதையை அதன் பின்னரே கேட்கின்றேன்; குறைவின்றிக் கேட்கின்றேன்.

இப்படத்தைச் சிறாருக்குக் காட்டுங்கள் என்று கூறமாட்டேன், அது அவர்களுக்குரியதன்று. ஆனால் பயிற்சி ஆசிரியர்கள் என் பள்ளிக்கு வரும்போது, படத்தின் கதையைச் சொல்லி அவர்கள் கருத்தைக் கேட்பதுண்டு. பெரும்பாலோர் திலீப்பைப் பற்றியே பேசுகின்றனர். பேசி முடிக்கும்வரை காத்திருந்து, என் மகள் கேட்ட கேள்வியை அவர்களிடம் கேட்கின்றேன்.